புரண்டு படுத்த வீடு

கூடலூர் வடக்குத் தெருவில் செல்லப்பாண்டியின் வீடு முதன்முதலாக நகர்ந்தது ஆடி மாதத்தில், வெயில் நன்றாக ஏறின பிறகு. பட்டப்பகலில் தெருவே பார்க்க நடந்ததால் இதில் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ வழியில்லை. இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமான காரை வீடு, கிழக்கே பார்த்த வாசல். அம்மியைத் தரையோடு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, வீடு ஒரு முழம் தெற்கே தள்ளி உட்கார்ந்துகொண்டது. சுவரில் கீறல் இல்லை. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி தளும்பக்கூட இல்லை. பக்கத்து வீட்டுச் சுருளியாண்டி பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு வெளியே வந்து, தன் சாக்கடையை அடைத்துக்கொண்டு நிற்கிற சுவரைப் பார்த்துச் சண்டை போட்டார். செல்லப்பாண்டி அந்நேரம் ஜீப்போடு குமுளி மலைமேல் இருந்ததால் சுவரோடுதான் சண்டை போட முடிந்தது. எங்கள் ஊரில் ஒரு வீடு நகர்ந்தால் ஏன் நகர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் இடத்துக்குள் நகர்ந்தது என்றுதான் கேட்பார்கள்.

கேட்டிருந்தால் பதில் உள்ளேயே கட்டிலில் கிடந்தது. செல்லப்பாண்டியின் சம்சாரம் சங்கிலியம்மாள், கல்யாணமான வருஷத்திலிருந்து புருஷன் ஓட்டுகிற ஜீப்பிலேயே ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். பின்சீட்டில்தான் போவாள். பொண்டாட்டியை முன்சீட்டில் வைத்து ஓட்டினால் மற்ற பொம்பளைகள் ஒரு மாதிரிப் பேசுவார்கள் என்று செல்லப்பாண்டி அவளை ஒருநாளும் முன்னால் ஏற்றியதில்லை. அவளுக்கு மார்பில் கட்டி வந்து, மதுரையில் அறுத்தெடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, முடி முளைத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று கடா வெட்டிச் சோறு போட்ட மறுவருஷம் அது இடுப்பெலும்பில் இறங்கியது. நோயின் பேரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. மார்பில் இருந்தவரை கட்டி, இடுப்புக்கு வந்த பிறகு வாயு. பழனிசெட்டிபட்டியில் கட்டிக்கொடுத்த மகள் அபிதா போனில் பேசும்போதுகூட வாயு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும், அப்பா உத்தரவு. பேரைச் சொல்லிவிட்டால் சங்கிலி மனசு விட்டுவிடுவாள் என்று அவர் நம்பினார். அந்த வாயு இடது பக்கம் படுத்தால் இடது பக்கம் கொதித்தது, வலது பக்கம் படுத்தால் வலது பக்கம் குடைந்தது. மல்லாக்கப் படுத்தால் முதுகுத் தண்டில் யாரோ ஆணி இறக்கினார்கள். அவள் கத்துகிற ஆளில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புரள்வாள். புரண்டு புரண்டு கட்டிலில் இடம் போதாமல் போனதும் வீடும் அவளோடு சேர்ந்து புரள ஆரம்பித்தது. விஷயம் அவ்வளவுதான்.

ஆவணி பிறந்ததும் வீடு தெற்கே பார்க்கத் திரும்பியது. தெற்கு வாசல் ஆகாது என்று தெருவில் பேச்சு கிளம்புவதற்குள் மேற்கே திரும்பிவிட்டது. புரட்டாசியில் தெருவின் நடுவுக்கு வந்தது, ஆட்டோ போக வழியில்லை. மின்வாரியத்து லைன்மேன் கர்ணன் ஒவ்வொரு தடவையும் கம்பத்தில் ஏறி வயரை நீட்டி நீட்டிக் கடைசியில் வெறுத்துப்போய், ஒரு பெரிய சுருளாகக் கம்பத்திலேயே மாட்டிவிட்டு, வேண்டும்போது இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் யாருக்கும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. கோழிகள் பஞ்சாரத்தில் அடையாமல் கூரை கூரையாகத் தாவின. பால்காரர் ஒரே வாசலுக்கு இரண்டு தடவை ஊற்றினார், ஒரு வாசலை விட்டே போனார். செல்லப்பாண்டி மாட்டுச் சங்கிலி வாங்கி வந்து வீட்டைத் தன் ஜீப்போடு சேர்த்துக் கட்டினார். வீடு ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போனது. குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு மாந்திரீகரைக் கூட்டி வந்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் உட்கார்ந்து மலையாளத்தில் ஏதோ தொடங்கினார், கண்ணைத் திறந்து பார்த்தபோது எதிரில் பின்சுவர் இருந்தது. கார்த்திகையில் வீடு பெரிய ரோட்டைக் கடந்தது. சபரிமலைக்குப் போகிற வண்டிகள் கம்பம் வரைக்கும் நின்றன. அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. உள்ளே சங்கிலியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ரோட்டை அடைத்ததற்காக அந்தச் சாமிகளிடமெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பாவம், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கிடையில் மதுரை வைத்தியம் நின்றுபோயிருந்தது. பஸ்ஸில் அத்தனை தூரம் உட்கார்ந்து போக அவளால் முடியவில்லை, ஜீப்பில் போனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் உயிர் வந்தது. கடைசியாகப் போனபோது டாக்டரம்மா, மருந்து ஏற்றுவதை விடக் கூடாது, ஆனால் இவ்வளவு வலியோடு அதைத் தாங்கவும் முடியாது, வலிக்கென்றே தனி வைத்தியம் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். செல்லப்பாண்டியின் காதில் விழுந்தது வேறு. வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்றால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார்கள், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் கை கழுவிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்து அந்த மாதிரி நர்ஸ் வந்துபோன வீடுகளில் எல்லாம் பிறகு பந்தல் போட்டிருக்கிறார்கள். அந்த நர்ஸை மட்டும் வாசல் மிதிக்க விடக் கூடாது என்று அபிதாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மகள் ஒரு வாரம் அப்பா பேச்சைக் கேட்டாள். அப்புறம் ஊருக்கு வந்தவள், அம்மாவின் சீலை முந்தி முழுக்கப் பல் பதிந்து கிழிந்திருப்பதைப் பார்த்தாள். வெளியே போய் நின்று அழுதுவிட்டு, போனை எடுத்து ஜெபமணிக்குப் போட்டாள்.

ஜெபமணி உத்தமபாளையத்துக்காரி. கம்பம் பள்ளத்தாக்கில் வலியோடு கிடக்கிற வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய்வருகிற நர்ஸ். வடக்குத் தெருவில் வீடு இருந்த இடத்தில் இப்போது சுருளியாண்டியின் பசுமாடு கட்டியிருந்தது. அவள் யாரையும் விசாரிக்கவில்லை. தரையில் இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே கம்பி அறுந்து கிடந்த வழியில் போய் வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசற்படி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறி உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, எங்களில் ஒருத்தர்கூட அதுவரை கேட்காததைக் கேட்டாள்.

"எங்கனக்கா வலிக்குது?"

சங்கிலியம்மாள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தொடை, முதுகு, தோள். குத்துகிறதா, கொதிக்கிறதா, எப்போது கூடுகிறது, எப்படிக் கிடந்தால் கொஞ்சம் குறைகிறது என்று ஜெபமணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கால்களுக்கு இடையில் ஒரு தலையணையைச் செருகினாள். கேட்டுக்கொண்டே வந்தவள், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றும் கேட்டாள். சங்கிலியம்மாள் வாசலைப் பார்த்தாள். புருஷன் இல்லை என்று உறுதியான பிறகு சொன்னாள்.

"சாகுறதுக்குப் பயமில்ல தாயி. இப்பிடியே வலிச்சுக்கிட்டே சாகணுமோன்னுதான்."

டாக்டரை அழைத்து வந்து காட்டி, அவர் கையெழுத்தோடு மார்ஃபின் என்கிற வலி மாத்திரை வந்தது. மலம் இறுகாமல் இருக்க ஒரு மருந்து, குமட்டலுக்கு ஒரு மருந்து. செல்லப்பாண்டி மகளோடு சண்டை போட்டு ஓய்ந்து, நர்ஸ் வீட்டுக்குள் வந்தேவிட்டாள், இனி என்ன செய்ய என்று உட்கார்ந்திருந்தார். ஜெபமணி அவரிடம், மதுரையில் நோயைப் பார்க்கிறார்கள், நாங்கள் வலியைப் பார்க்கிறோம், இரண்டும் சேர்ந்துதான் ஓட வேண்டும், இது கை கழுவுகிற காரியம் இல்லை என்றாள். நேரம் தவறாமல், வலி வருவதற்கு முன்பே மாத்திரை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு மாத்திரையைக் கொண்டுபோய் ஜீப்பின் டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்.

இந்தக் காரியத்தை ஒரு மலைப்பாதை டிரைவர்தான் செய்ய முடியும். ஸ்டெப்னி டயரை முதல் நாளே மாட்டிக்கொண்டு எவனாவது ஓடுவானா? இருக்கிறதிலேயே கெட்டியான மருந்து அது. இப்போதே கொடுத்துத் தீர்த்துவிட்டால் நாளைக்குத் தாங்க முடியாத வலி வரும்போது மாட்டுவதற்கு என்ன இருக்கும்? போதாததற்கு, போதை மாத்திரைப் பழக்கத்தில் குடும்பத்தை அழித்த ஒரு பழைய டிரைவரையும் அவருக்குத் தெரியும். சங்கிலி அப்படி ஆகிவிடக் கூடாது. அவள் கத்தட்டும், கத்தினால் கொடுக்கலாம் என்று காத்திருந்தார். அவளோ கத்துகிற ஆளில்லை. மனுசனுக்குப் பிரியம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிரியத்தில்தான் பூட்டி வைத்தார். எப்போதாவது அவள் முகம் ரொம்பக் கோணினால் பாதி மாத்திரையை ஒடித்துக் கொடுப்பார், அந்தப் பாதி எந்த மூலைக்குக் காணும்? வீடு பந்தல்களைத் தாண்டி வயக்காட்டில் இறங்கியது. வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், இரண்டு கரையும் தொட்டு ஓடியது.

மார்கழியில் ஒரு காலை, தோட்டத்துப் பொம்பளைகளைக் குமுளியில் இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குச் சுருளியாண்டி போன் செய்தார். சாக்கடைக்குச் சண்டை போட்ட அதே ஆள்தான். "மாப்ள, ஒன் வீடு வாய்க்காலுக்குப் போயிருச்சுய்யா. ஒரு மூல தண்ணிமேல நிக்கிது." செல்லப்பாண்டி டீக் கிளாஸை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அந்த மலையை அவர் அப்படி இறங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வந்து பார்த்தபோது அடுப்படி மூலை அந்தரத்தில் நின்றது. சுற்றி ஊரே நின்றது, கையில் வடக்கயிறோடு. வீட்டுக்குள் ஏறத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. ஜெபமணியின் ஸ்கூட்டர் கரையில் கிடந்தது, அவள் உள்ளே இருந்தாள். செல்லப்பாண்டி ஏறின கனத்தில் வீடு ஒரு ஆட்டம் ஆடியது. மாத்திரை எங்கே என்று அவள் கேட்டாள். அவர் ஸ்டெப்னிக் கதையைச் சொன்னார். அந்த நேரத்திலும் அவள் கோபப்படவில்லை என்பதை நான் ஆச்சரியத்தோடு பதிவு செய்கிறேன், நானாக இருந்தால் அறைந்திருப்பேன்.

"குமுளி எறக்கத்துல கியர எப்பண்ணே கொறைப்பீக? வண்டி பிச்சுக்கிட்டு ஓடினப்பறமா, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"பெறகு? இதயும் அப்பிடித்தாண்ணே குடுக்கணும்."

வலிக்கு அளந்து, டாக்டர் பார்வையில் கொடுக்கிற மருந்து யாரையும் அந்தப் பழைய டிரைவர் மாதிரி ஆக்காது என்றும், வலி கூடினால் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், தீர்ந்துபோகிற ஸ்டெப்னி இல்லை இது என்றும் சொன்னாள். அவர் ஜீப்புக்கு ஓடிப்போய்ப் பிள்ளையாரைத் தள்ளிவிட்டு மாத்திரையை எடுத்து வந்தார். முழு மாத்திரை. சங்கிலியம்மாள் விழுங்கினாள். மருந்து வேலை செய்ய நேரமாகும், அதுவரை இருந்துதான் ஆக வேண்டும். வீட்டுக்குக் கீழே மண் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. செல்லப்பாண்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு, வெறும் வாயுதான் புள்ள, இப்ப எறங்கிரும், வெறும் வாயுதான் என்று உளறிக்கொண்டிருந்தார்.

"வாயு இல்ல மாமா, கேன்சரு. எனக்கு மொதல்லருந்தே தெரியும். நீங்க தாங்க மாட்டீகன்னுதான் நானும் வாயுன்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

அந்தப் பேர் அந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. செல்லப்பாண்டி அவள் காலில் முகத்தை வைத்து, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அழுதார். அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவிக்கொண்டே இருந்த கை கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றது. அம்மியை இழுக்கிற சத்தம் மறுபடி கேட்டது. அடுப்படி மூலை பின்னால் வந்து கரைமேல் ஏறி, வீடு மொத்தமும் மண்ணில் அமர்ந்தது. ஊருக்குள் கோழிகள் தரை இறங்கின. நின்ற கையைப் பார்த்து அவள் போய்விட்டாள் என்றே செல்லப்பாண்டி நினைத்துவிட்டார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். அவள் குறட்டை விட்டாள். வெயில் சாய்கிறவரை தூங்கினாள். எழுந்ததும், வீட்டில் கருவாடு இருக்கிறதா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வீடு அந்த வாய்க்கால் கரையிலேயே நின்றுகொண்டது. வயல்காரர் முறைத்துப் பார்த்தார், பிறகு பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். தை மாதத்தில் சங்கிலியம்மாள் மதுரைக்குப் போனாள், ஜீப்பில், முன்சீட்டில், தலையணை வைத்து. விட்டுப்போன மருந்தை ஏற்றினார்கள், இடுப்பெலும்புக்குக் கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், வலி பாதியாக வடிந்தது. நர்ஸ் வந்தால் பந்தல் போட வேண்டும் என்ற ஊரில் அவள் இரண்டு வருஷத்துக்குமேல் உயிரோடு இருந்தாள். பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்தியதைப் பார்த்தாள். ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்தே குமுளிக்குப் போய், பின்சீட்டில் வந்த பொம்பளைகளோடு வழியெல்லாம் வம்பு பேசி, தோட்டத்து வாசலில் இறங்கி ஒரு கை ஏலக்காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வலி சில மாதம் கூடும். கூடினால் வீடு லேசாக அசையும், அவள் வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் வயக்காட்டில் களை எடுக்கிறவர்கள் ஜெபமணிக்குப் போன் போட்டுவிடுவார்கள். ஜெபமணி வந்து டாக்டரோடு பேசி அளவைக் கூட்டுவாள், வீடு அடங்கும். நோய் நுரையீரலுக்குப் போன பிறகு மருந்து ஏற்றுவது போதும் என்று சங்கிலியம்மாளே சொன்னாள். மாத்திரையை மட்டும் விடவில்லை. மாசி மாதம், காலைக் காப்பியைப் பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை மாமாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். வீடு அசையவில்லை. ஜன்னலில் மாட்டியிருந்த காலண்டர்கூட ஆடவில்லை என்று அபிதா சொல்கிறாள்.

செல்லப்பாண்டி எல்லாச் சடங்கையும் ஒழுங்காகச் செய்தார். அழவில்லை. ஜீப்பை எடுத்தார், பொம்பளைகளை ஏற்றினார், முன்சீட்டில் யாரையும் உட்கார விடாமல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு ஓட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொன்னார். மகளிடமும் அதையே சொன்னார். வைகாசியில் ஒரு நாள் மலைக்கு வண்டி எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் வாய்க்கால் கரையில் அம்மியை இழுக்கிற சத்தம் கேட்டது. பார்த்தால் வீடு நகர்கிறது.

சுருளியாண்டிதான் ஜெபமணிக்குப் போன் செய்தார். யார் இடத்துக்குள் நகர்கிறது என்று இந்தத் தடவை அவர் பார்க்கவில்லை. உள்ள யாரு இருக்காக என்று அவள் கேட்டாள். செல்லப்பாண்டி மட்டுந்தான் ஆத்தா இருக்காரு, நல்லாருக்கேன்னுதான் சொல்றாரு என்றார். அவள் வந்தபோது வீடு வயக்காட்டைத் தாண்டிப் பந்தல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. தோட்டக்காரர் முன்கூட்டியே கம்பிகளைத் தூக்கிக் கட்டியிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறினாள். செல்லப்பாண்டி சங்கிலியம்மாளின் கட்டிலில் இடது பக்கம் படுத்திருந்தார், பிறகு வலது பக்கம் திரும்பினார், பிறகு மல்லாந்தார். சீலை முந்தி ஒன்று அவர் வாயில் இருந்தது. ஜெபமணி தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கனண்ணே வலிக்குது?"

அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல வீடு பெரிய ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. கர்ணன் கம்பத்தடியில் நின்று வயரை விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வடக்குத் தெருவில் சுருளியாண்டி பழைய இடத்திலிருந்து பசுமாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, சாணியை அள்ளி இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். குமுளிக்கு ஏறுகிற ஜீப்புகள், கம்பத்துக்கு இறங்குகிற லாரிகள், பள்ளிக்கூட வேன் எல்லாம் இரண்டு பக்கமும் நின்றன. கேரளா லாரிக்காரன் ஒருத்தன் இறங்கி வந்து எந்தா சேட்டா இது என்று கேட்டான். ஒருத்தருக்கு வலிக்குதுய்யா, பொறு என்றார்கள். அவன் போய் எஞ்சினை அணைத்தான். வீடு நிதானமாக ரோட்டைக் கடந்தது, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.